விடை வழுவும் அதன் முதற்காரணமும்

தமிழிலக்கணம் கற்றார்க்கு வழு என்னும் சொல் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்கி வருவதை வழு என்றும், மயங்காது வருவதை வழாநிலை என்றும், வழுவாயினும் தக்கதொரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்றும் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். இவ்வேழனுள் வினா வழுவும் விடை வழுவும் வகுப்பறையில் விரைவாகக் கடந்து செல்லப்படுவன. ஊருக்கு வழி கேட்டவனிடம் தன் வீட்டுக் கன்றின் நலத்தைச் சொல்லத் தொடங்குபவனைக் காட்டி, மாணவர் சிரித்தவுடன் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுகின்றோம்.

இன்று உலகமெங்கும் வழங்கும் இணையத்தளங்களின் நோய்களை விளங்கிக்கொள்வதற்கு இப்பழைய பாகுபாடு பெரிதும் துணைசெய்கின்றது. என் பழைய மாணவர் ஒருவர் இணையத்தளங்களை அமைத்துக் கொடுக்குந் தொழிலை யாழ்ப்பாணத்தில் இருந்து நடத்தி வருகின்றார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் தளத்திலே திரும்பத் திரும்பத் தோன்றிய ஒரு வழுவையும், அது தீர்ந்த வகையையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றேன். அவ்வழுவின் வேர் நம் முன்னோரின் கீழ்வாயிலக்கத்திலே சென்று முடிந்தமையால், இச்செய்தி கணினி வல்லுநர்க்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு தமிழாசிரியர்க்கும் உரியது.

வினாவுவோரும் விடையிறுப்போரும்

இணையத்தளம் ஒன்றைப் பார்ப்பதென்பது உண்மையில் ஒரு வினாவிடை நிகழ்ச்சி. நம் கையிலுள்ள கணினியோ தொலைபேசியோ ஒரு வினாவை அனுப்புகின்றது. எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் ஓயாது இயங்கிக்கொண்டிருக்கும் சேவையகம் என்னும் கணினி அதற்கு விடையிறுக்கின்றது. ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ் லீ என்பவர் 1989 ஆம் ஆண்டில் முன்வைத்த திட்டத்தினின்று வளர்ந்ததே இம்முறை. இவ்வினாவிடைக்குரிய விதிகளின் தொகுதி எச்.ரி.ரி.பி. எனப்படும். 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிடப்பட்ட விதிநூலிலே, விடையின் தலைப்பில் நிற்கவேண்டிய மூவிலக்க எண்கள் வகுத்துக் காட்டப்பட்டன.

அவ்வெண்ணின் முதல் இலக்கம் விடையின் வகையை உணர்த்தும். 2 எனில், கேட்டது கிடைத்தது. 3 எனில், கேட்டதைப் பெற வேறிடம் செல்க என்பது கருத்து. 4 எனில், வழு வினாவியவர் பக்கத்தது. முகவரியைப் பிழைபட எழுதினார்க்கு வரும் 404 என்பதை நேயர்களிற் பலரும் கண்டிருப்பர். 5 எனில், வினாவில் வழுவில்லை. விடையிறுக்கும் சேவையகமே வழுப்பட்டது. நான்காம் வகையை வினா வழு என்றும் ஐந்தாம் வகையை விடை வழு என்றும் நாம் அழைத்தால் அது பொருத்தமான பெயரேயாகும்.

ஐந்தாம் வகைக்குள்ளும் வேறுபாடுகள் உள. இடையில் நிற்கும் சேவையகம் தனக்குப் பின்னுள்ள மற்றொன்றிடமிருந்து ஏற்கத்தகாத விடையைப் பெற்றால் 502 தோன்றும். சுமை மிகுதியாலோ பராமரிப்பு வேலையாலோ தற்போது பணிசெய்ய இயலாவிடின் 503 தோன்றும். பின்னுள்ள சேவையகம் உரிய நேரத்தில் வாய்திறவாவிடின் 504 தோன்றும். இஃது 1997 ஆம் ஆண்டின் விதிநூலிற் சேர்க்கப்பட்டது. இவை மூன்றும் ஓரளவுக்காவது காரணத்தைச் சுட்டுவன. 500 என்பதோ, உள்ளே ஏதோ பிழைத்துவிட்டது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாதது. வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு வாய்மூடிக்கொள்ளும் நோயாளனைப் போன்றது அது.

இம்மௌனத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. சேவையகத்தின் உள்ளமைப்பை வருவோர் போவோர்க்கெல்லாம் விளம்பினால் தீயநோக்குடையார்க்கு அது வழிகாட்டியாகிவிடும். ஆகவே வாசலில் நிற்பவருக்கு எண்ணை மட்டும் காட்டி, காரணத்தை உள்ளேயுள்ள பதிவேட்டில் எழுதிவைப்பது முறை. காரணம் மறைக்கப்படுகின்றதேயன்றி அழிக்கப்படுவதில்லை. வழு நேர்ந்தபோது முதலில் நாடவேண்டிய இடம் அப்பதிவேடே என்பது இதனாற் பெறப்படும்.

தளமும் நோயும்

மேற்கூறிய வாடிக்கையாளர் பழைய நூல்களை மீள்பதிப்புச் செய்பவர். நூற்பட்டியலையும் விலையையும் காட்டும் சிறிய தளமொன்றை 2014 ஆம் ஆண்டில் அமைத்திருந்தார். 2023 இல் அதனை விரித்து, தம்மிடமிருந்த எண்சுவடிகளினதும் கணக்கேடுகளினதும் நிழற்படங்களை அதில் ஏற்றினார். ஆர்வமுள்ள அன்பர்கள் தத்தம் வீட்டில் இருந்தபடியே ஒவ்வோர் ஏட்டையும் படித்து, படத்தின் பக்கத்திலுள்ள கட்டத்தினுள் எழுத்துப்பெயர்த்துச் சேமிக்கலாம். ஏடுகள் மண்ணாகுமுன் அவற்றின் எழுத்து நிலைபெறவேண்டும் என்பதே அவருடைய கருத்து.

2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நோய் தொடங்கிற்று. சனிக்கிழமை மாலைகளில், ஏட்டைச் சேமிக்க முயலும்போது 500 என்னும் எண் தோன்றுவதாக முறைப்பாடு வந்தது. என் மாணவர் இரவு பதினொரு மணிக்குச் சேவையகத்தை நிறுத்தி மீள இயக்கினார். மறுநாட் காலையில் தளம் நன்றாக நடந்தது. அடுத்த சனிக்கிழமை மீண்டும் அதே வழு. மீண்டும் அதே மருந்து. சனிக்கிழமை மாலையில் மக்கள் ஓய்வாக இருப்பார்கள், ஒரே வேளையிற் பலர் வருவார்கள், சேவையகம் சுமை தாங்காது தடுமாறுகின்றது என்று அவர் கருதினார். அக்கருத்துப்படி நினைவகத்தை இரட்டித்தார். மாதக் கட்டணம் உயர்ந்தது, வழு நின்றபாடில்லை. இடம் வாடகைக்குக் கொடுத்த நிறுவனமோ தன் பக்கத்தில் யாவும் செவ்வனே நடப்பதாகக் கடிதம் எழுதிற்று.

அந்நிலையில் ஒரு நாள் அவர் என்னைக் காண வந்தார். கணினிக்கு வைத்தியம் கேட்டு வரவில்லை. ஏட்டிலுள்ள குறிகள் சிலவற்றின் பெயரை அறிந்துகொள்ளவே வந்தார். பேச்சு வளரவே நோயின் வரலாறும் வெளிவந்தது.

"மீள இயக்கினால் மாறிவிடுகின்றது, ஐயா. ஆனபடியால் சுமைதான் காரணமாக இருக்கவேண்டும்," என்றார்.

"காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்த கதை தெரியுமல்லவா, தம்பி?" என்று கேட்டேன்.

காகதாலீய நியாயம்

தருக்கம் கற்போர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது இந்நியாயம். காக்கை பனையில் அமர்ந்தது, பழம் விழுந்தது. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் முன்னது காரணம் பின்னது காரியம் என்று கொள்ளுதல் பொருந்தாது. சேவையகத்தை மீள இயக்கியபின் வழு தோன்றவில்லை என்பது உண்மையே. மீள இயக்காதிருந்தாலும் தோன்றியிராதோ என்பதன்றோ கேள்வி?

ஒன்றை மற்றொன்றன் காரணம் என்று துணிவதற்கு நம் தருக்கநூலார் இரு வழிகளைக் கூறுவர். அது உள்ளவிடத்து இது உண்டு என்பது அன்வயம். அது இல்லவிடத்து இது இல்லை என்பது வியதிரேகம். இரண்டும் பொருந்தினாலன்றிக் காரணமென்று துணிதல் கூடாது. வழு நேர்ந்த நாள்களை மட்டுமன்றி, நேராத நாள்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்குமாறு சொன்னேன். அடுத்த கிழமை அவர் தாளோடு வந்தார்.

இரண்டு மாதத்தில் வழு 11 முறை நேர்ந்திருந்தது. அவற்றுள் 9 சனிக்கிழமை மாலையில். ஒன்று போயா விடுமுறையன்று. மற்றொன்று ஒரு புதன்கிழமை விடியற்காலையில். அந்தப் புதன்கிழமை, தளத்தில் ஒருவரே இருந்தார். ஒருவரால் என்ன சுமை நேரும்? மேலும், தளத்துக்கு மிகப் பலர் வந்த இரண்டு சனிக்கிழமைகளில் வழு தோன்றவேயில்லை. சுமை இல்லாதபோது வழு உண்டு. சுமை உள்ளபோது வழு இல்லை. அன்வயமும் போயிற்று, வியதிரேகமும் போயிற்று. சுமையே காரணம் என்ற கொள்கை அன்றே வீழ்ந்தது.

அப்படியாயின் சனிக்கிழமைக்கும் வழுவுக்கும் உள்ள தொடர்பு யாது? வருகைப் பதிவேடு அதனை விளக்கிற்று. 11 வழுக்களும் ஏட்டைச் சேமிக்கும்போதே நேர்ந்தன. ஏட்டைப் பார்க்கும்போது ஒன்றேனும் நேரவில்லை. அப்பதினொன்றும் ஒரே அன்பருக்கே நேர்ந்திருந்தன. அவர் இளைப்பாறிய நில அளவையாளர். பல்கலைக்கழகத்திற் படிக்கும் அவருடைய பேர்த்தி விடுமுறைக்கு வீடு வரும்போது, அவளது மடிக்கணினியிலே அவர் ஏடு பெயர்ப்பார். சனிக்கிழமை என்பது அப்பெண் வீடு வரும் நாள், அவ்வளவே. அவள் வராத சனிக்கிழமைகளில் வழுவும் வரவில்லை. இரவில் அவர் சலித்துக் கணினியை மூடிவிட்டு உறங்கச் செல்வார். அதே இரவில் சேவையகமும் மீள இயக்கப்படும். மறுநாள் பிறர் வந்து பார்க்கும்போது தளம் நலமாக இருக்கும். மீள இயக்கலுக்குக் கிடைத்த புகழ் இவ்வாறு வந்தது.

ஒலிக்கும் வழுவும் ஊமை வழுவும்

இனி, காரணப் பதிவேட்டுக்கு வருவோம். வருகைப் பதிவேடு யார் எப்போது வந்தார், என்ன எண் பெற்றார் என்பதைச் சொல்லும். ஏன் என்பதைச் சொல்வது காரணப் பதிவேடு. அதில் அப்பதினொரு நேரங்களிலும் ஒரே வகையான வாசகம் இருந்தது. தரவுத்தளம், தனக்கு அனுப்பப்பட்ட எழுத்துத்தொடர் தன் கட்டத்துக்குப் பொருந்தாதது என்று கூறி ஏற்க மறுத்திருந்தது. மறுப்பைக் கேட்டு என்ன செய்வதென்று தளத்தின் நிரலில் எழுதப்படவில்லை. ஆதலால் அது நிலைகுலைந்து 500 என்று கூறிவிட்டது.

இவ்வாசகத்தை என் மாணவர் என்னிடம் வருமுன்னரே ஒருமுறை கண்டிருந்தார். தொழிலில் மூத்த நண்பர் ஒருவரிடம் அதனைக் காட்டியபோது, தரவுத்தளத்தின் கண்டிப்பைத் தளர்த்திவிடுமாறு அவர் சொன்னார். மை எஸ்கியூஎல் என்னும் அத்தரவுத்தளத்திற் கண்டிப்பு நிலை, தளர்வு நிலை என இரண்டு உண்டு. 2015 இல் வெளிவந்த பதிப்பு முதல், வேறு விதியாதவிடத்துக் கண்டிப்பு நிலையே நடைமுறையில் இருக்கும். அதனைத் தளர்த்தியவுடன் வழு மாயமாய் மறைந்தது. இரண்டு கிழமைகள் தளம் அமைதியாய் இருந்தது, பதிப்பாளரும் மகிழ்ந்தார்.

பின்பு அளவையாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாம் முழுமையாக எழுதிச் சேமித்த ஏடுகள் பாதியில் நிற்கின்றனவே, மிகுதி எங்கே என்று அவர் கேட்டிருந்தார். உண்மை அதுவே. தளர்வு நிலையிலே தரவுத்தளம் தனக்குப் பொருந்தாத எழுத்தைக் கண்ட இடத்தில் தொடரை வெட்டி, முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்பகுதியை எறிந்துவிடும். அகத்தே ஓர் எச்சரிக்கை எழுதுமேயன்றி எழுதினார்க்கு ஒன்றும் அறிவியாது. அவரோ சேமிக்கப்பட்டது என்ற செய்தியைக் கண்டு மனநிறைவோடு அடுத்த ஏட்டுக்குச் சென்றுவிட்டார். இவ்வாறு 14 ஏடுகள் குறைப்பட்டன.

பதிப்புத்தொழில் அறிந்தார்க்கு இதன் கொடுமை விளங்கும். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பிறந்த மண் நம்முடையது. ஏடு சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்று காட்டுவதே நல்ல பதிப்பாசிரியர் கடன். அங்கே புள்ளியிட்டுச் செல்பவர், பின்வருவோர் வேறு ஏடு தேடிக் குறையை நிரப்ப இடம் வைக்கின்றார். சிதைவே இல்லாததுபோல முன்னும் பின்னும் ஒட்டிவிடுபவரோ, குறையையும் மறைக்கின்றார். அதனை நிரப்பும் வழியையும் அடைக்கின்றார். 500 என்னும் எண் அந்தப் புள்ளிகளைப் போன்றது. அளவையாளருக்கு அது சலிப்பைத் தந்தது. ஆயினும் சேமிக்கப்படவில்லை என்ற உண்மையையும் தந்தது. அதனை வாயடைத்ததன் பயன், வழு ஒலியிழந்து ஊமையானதே.

இலக்கணத்தார் கூறும் வழுவமைதி இத்தகையதன்று. உவப்பினாற் பசுவை அம்மை என்று அழைத்தால், அது திணை வழுவென்று அறிந்தே, இன்ன காரணத்தாற் கொள்கின்றோம் என்று சொல்லிக் கொள்கின்றோம். காரணத்தைச் சொல்லாமலும் அறியாமலும் வழுவைப் போர்த்துவிடுதல் அமைதியாகாது.

எந்த எழுத்து, எந்தப் பெட்டி

குறைப்பட்ட ஏடுகளையும் அவற்றின் நிழற்படங்களையும் மேசைமேற் பரப்பி ஒப்புநோக்கினோம். தொடர் வெட்டப்பட்ட இடத்தின் அடுத்த குறி ஓர் ஏட்டில் கால், மற்றோர் ஏட்டில் மாகாணி, வேறோர் ஏட்டில் முந்திரி, இன்னொன்றில் குறுணி. ஏனை அன்பர்கள் இவற்றைச் சொல்லால் எழுதிவிட, அளவையாளர் மட்டும் பேர்த்தி நிறுவிக் கொடுத்த எழுத்துருவைக்கொண்டு குறிகளாகவே எழுதியிருந்தார். கண்டவுடன், பழங்குறிகள் எவையும் கணினிக்கு ஒவ்வா என்று என் மாணவர் முடிவுசெய்யப் பார்த்தார். அம்முடிவும் பொருந்தவில்லை. பத்தைக் குறிக்கும் ௰, நூற்றைக் குறிக்கும் ௱, வருடத்தைக் குறிக்கும் ௵ ஆகியவை அதே ஏடுகளிற் பழுதின்றி நின்றன. பழமை காரணமன்று, பழையவற்றுள்ளும் ஒரு பகுதியே தடைப்படுகின்றது.

தளத்தின் படியொன்றைத் தனியிடத்தில் அமைத்து, ஒவ்வோர் எழுத்தாக இட்டுச் சோதித்தோம். ஆங்கில எழுத்துச் சென்றது. மேனாட்டார் அரையைக் குறிக்கும் ½ சென்றது. அகரம் சென்றது, ௰ சென்றது. கால் என்னும் தமிழ்க்குறி தடைப்பட்டது, மா தடைப்பட்டது, காணி தடைப்பட்டது. பதிவேட்டில் அவ்வெழுத்துக்களுக்கு நேரே நான்கு நான்கு எண்கள் காணப்பட்டன. முதல் மூன்று எண்களும் எல்லாக் குறிக்கும் ஒன்றாகவே இருந்தன. நான்காவது மட்டுமே வேறுபட்டது. பல ஏடுகளில் ஒரே பிழை ஒரே வடிவில் வரின் அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை என்று சுவடியாராய்வோர் துணிவதுபோல, இக்குறிகள் யாவும் ஒரு குடும்பத்தவை என்று துணிந்தோம். அதன்மேல் என் மாணவருக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று.

கணினிக்கு எழுத்து என்பது எண். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோட் என்னும் ஒருங்குறியிலே தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலிருந்தே இடம்பெற்றுள்ளது. அவ்வெண்களைச் சேமிக்கும் முறைகளுள் யூ.ரி.எப்.-8 என்பது தலைசிறந்தது. கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் 1992 ஆம் ஆண்டில் வகுத்தது. அம்முறையில் ஓரெழுத்து பைற்று எனப்படும் பெட்டிகளுள் ஒன்று முதல் நான்கு வரை கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பெட்டி. ½ என்பதற்கு இரண்டு. அகரத்துக்கும் ௰ என்பதற்கும் மூன்று. ௵ முதலிய நாட்குறிகள் 2003 ஆம் ஆண்டிற் சேர்ந்தன. அவையும் தமிழெழுத்தின் பழைய பிரிவிலேயே இருப்பதால் அவற்றுக்கும் மூன்று. கீழ்வாயிலக்கக் குறிகளோ 2019 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பிலேதான் இடம்பெற்றன. முந்திரி முதல் முக்கால் வரையுள்ள பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு முதலிய முகத்தலளவைகள், காசு, பணம், வராகன் முதலிய நாணயங்கள், குழி, வேலி முதலிய நிலவளவைகள் எனக் குறிகள் 51 அங்கே உள. பழைய பிரிவில் இடமில்லாமையால் அவை புதிய பிரிவில் வைக்கப்பட்டன. அப்பிரிவின் எழுத்துக்கு நான்கு பெட்டிகள் வேண்டும்.

தளத்தின் தரவுக்கட்டம் 2014 இல் அமைந்ததென்று முன்னர்க் கூறினேன். மை எஸ்கியூஎல் தரவுத்தளத்திலே யூ.ரி.எப்.8 என்ற பெயரால் அந்நாளில் வழங்கியது, உண்மையில் மூன்று பெட்டிக்கு மேற் கொள்ளாத குறைவடிவம். முழுவடிவம் யூ.ரி.எப்.8 எம்.பி.4 என்ற வேறு பெயரோடு 2010 ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. ஆயினும் அதனைப் பெயர் சுட்டிக் கேட்டார்க்கே அது கிடைக்கும். 2018 இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு முதல், கேளாதார்க்கும் முழுவடிவமே கிடைக்கின்றது. ஆனால் முன்னர் அமைந்த கட்டம், தரவுத்தளத்தைப் புதுப்பித்தாலும் தானாக மாறாது. பெயர் ஒன்றாயிருந்ததைக் கண்டு பொருளும் ஒன்றென்று உலகிற் பலரும் நம்பினர். மக்கள் செய்திகளோடு அனுப்பும் முகக்குறிகளும் பெரும்பாலும் நான்கு பெட்டியின. ஆகையால் இதே வழு எத்தனையோ தேசத்துத் தளங்களில் முகக்குறி வடிவில் தோன்றியதுண்டு. நமக்கு அது முந்திரியின் வடிவில் வந்தது.

தீர்வு

காரணம் அறிந்தபின் தீர்வு ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. முதலில் தரவு முழுவதையும் படியெடுத்து வேறிடத்தில் வைத்தார். பின்னர்க் கட்டங்களை முழுவடிவத்துக்கு மாற்றினார். வழு நீங்கவில்லை. நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே செல்லும் வழியும் 2014 இன் குறைவடிவத்திலேயே இருந்தது. அறையின் வாசலை அகலமாக்கிவிட்டு வெளிவாசலைக் குறுகவிட்டால் பெட்டி உள்ளே போகாது. அவ்விரண்டாம் வாசலையும் அகற்றியபின், 51 குறிகளையும் ஒருங்கே எழுதிச் சேமித்து, மீள எடுத்துப் படித்தோம். 51 குறிகளும் வரிசை மாறாது திரும்பின. கண்டிப்பு நிலையும் மீண்டும் நிறுவப்பட்டது. அளவையாளர் ஒவ்வோர் ஏட்டையும் முதலிற் கொப்பியில் எழுதிக்கொள்ளும் வழக்கமுடையவர். அப்பழைய வழக்கத்தால் 14 ஏடுகளும் நிறைவுபெற்றன.

இவ்வளவு பாடு எதற்கு, பின்னங்களைச் சொல்லால் எழுதுமாறு அன்பர்களுக்கு அறிவித்தால் ஆகாதா என்று பதிப்பாளர் இடையிற் கேட்டதுண்டு. அது தகுதியுடைய கேள்வியே. ஆயினும் ஓரே ஏட்டிற் கால் என்பது ஓரிடத்திற் சொல்லாகவும் மற்றோரிடத்திற் குறியாகவும் வரும். கணக்கன் எங்கே சொல்லை ஆண்டான், எங்கே குறியை ஆண்டான் என்பதும் ஏட்டின் சான்றே. காலின் குறி வகரத்தை ஒத்த வடிவினது. வகரத்தைக் குறியென்றும் குறியை வகரமென்றும் மயங்கிப் படித்தல் எளிது. குறியைக் குறியாகவே வைத்தால், பெயர்த்தவர் தவறிப் படித்திருப்பினும் பின்வருவோர் திருத்துவர். தம் எண்சுவடியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கையும் கணக்கில் விடாது முந்திரி என்று பெயரிட்டு எழுதிய முன்னோரின் ஏட்டை, அந்த முந்திரியையே விட்டுவிட்டுப் பேணுதல் எவ்வாறு பொருந்தும்?

ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. மாணவன் ஒருவன் கட்டுரைதோறும் அதே சந்திப்பிழையைச் செய்தால், சிவப்பு மையால் நூறு முறை திருத்துகின்றோம். நூறு பிழையும் நூறு காரணத்தால் வருவன அல்ல. அவன் பிழைபடப் புரிந்துகொண்ட விதி ஒன்றே அவற்றின் முதல். எங்கே பிழைக்கின்றான் என்பதோடு எங்கே பிழையாது எழுதுகின்றான் என்பதையும் அருகருகே வைத்து நோக்கினால் அவ்விதி தானே வெளிப்படும். பிழை கண்டு வெகுண்டு அடித்தால், மாணவன் ஐயுற்ற சொல்லை எழுதுவதையே விட்டுவிடுவான். அப்போது விடைத்தாள் தூய்மையாய்த் தோன்றும், அறிவு குறைந்துபோயிருக்கும்.

சேவையகத்துக்கும் இதுவே நெறி. வழு தோன்றிய நாளையும் தோன்றாத நாளையும் சேர்த்து எழுதுக. பதிவேட்டை ஏடு படிப்பதுபோல எழுத்தெண்ணிப் படிக்க. ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து அதன் பயனைப் பார்க்க. தீர்ந்தது என்று துணியுமுன், வழுவை உண்டாக்கிய அதே எழுத்தைத் தம் கையாலேயே மீண்டும் இட்டுச் சோதிக்க. இவற்றைச் செய்யாது மௌனத்தை நலமென்று கொண்டால், தளம் நன்றாக நடப்பதுபோலத் தோன்றும். ஏடுகளோ ஒவ்வொன்றாய்ப் பாதியில் அறுந்துகொண்டிருக்கும்.